0.013 விநாடி

1994 லில்லெஹாமர் குளிர்கால ஒலிம்பிக்கில், பனிப்பாதையில் சிறு சறுக்குவண்டியில் பாயும் லூஜ் பந்தயம். நான்கு ஓட்டங்களின் நேரத்தையும் கூட்டியபோது, ஆஸ்திரியாவின் மார்குஸ் ப்ரோக்கைவிட ஜெர்மனியின் கியோர்க் ஹாக்ல் 0.013 விநாடி முந்தியிருந்தார். மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் அது அரை மீட்டர்கூட இல்லை.

ஹாக்லுக்கு 1988 கால்கரியில் வெள்ளி, 1992, 1994, 1998 மூன்றிலும் தங்கம், 2002இல் மறுபடி வெள்ளி. லூஜ் ஒற்றையரில் தொடர்ந்து ஐந்து ஒலிம்பிக் பதக்கம்!

லூஜில் மல்லாந்து படுத்து, கால் முன்னே நீட்டிப் போக வேண்டும். தொடக்கத்தில் இருபக்கக் கைப்பிடிகளைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, ஒரே இழுப்பில் பாய்வார்கள். பிறகு முள் வைத்த கையுறையால் பனியை மூன்று நான்கு முறை தள்ளிவிட்டுப் படுத்துவிடுவார்கள். இங்கே விட்ட நேரம் கீழே போகப் போகப் பெருகும். கடைசிக் காலத்தில் ஹாக்லின் பலவீனமே இந்தத் தொடக்கம்தான். அதை ஈடுகட்டியது ஓட்டும் கை. கை என்பதைவிட, கெண்டைக்கால்!

வண்டியில் பிரேக் இல்லை, ஸ்டியரிங் இல்லை. வண்டியைத் தாங்கும் இரு சறுக்குக்கட்டைகளில் வலதை வலது கெண்டைக்காலால் உள்ளே அழுத்தினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். தோளும் கூடவே அழுத்தும். ஒவ்வொரு அழுத்தமும் பனியில் உராய்வுதான். வளைவுக்குள் தாமதமாக நுழைந்தால் வெளியேறும்போது சுவரில் இடிக்கும். பதறி அதிகமாகத் திருத்தினால் வால் வழுக்கும். பார்ப்பதற்குத் தலையைத் தூக்கினாலோ காற்று பிடித்துக்கொள்ளும். ஹாக்ல் ஓடுவதைப் பார்த்தால் அவர் எதுவுமே செய்யாதது போலிருக்கும். அதுதான் வித்தை.

இன்னொரு பாதி பட்டறையில். உலோக வேலை படித்தவர், தன் வண்டியைத் தானே செதுக்கினார். சறுக்குக்கட்டைக்கு அடியிலுள்ள எஃகுப் பட்டையின் விளிம்பு கூராக இருந்தால் கெட்டிப் பனியில் பிடிமானம் கிடைக்கும். இளகிய பனியில் அதே விளிம்பு உள்ளே இறங்கி வேகத்தைத் தின்றுவிடும். பட்டையைச் சூடாக்கிக் குறுக்கு வழியில் போகவும் முடியாது: 1968இல் அப்படிச் செய்ததாகக் கிழக்கு ஜெர்மனிப் பெண்கள் நீக்கப்பட்டார்கள், இப்போது தொடக்கத்திலேயே எஃகின் வெப்பநிலையை அளக்கிறார்கள்.

1998 நாகானோவில் ஹாக்லின் காற்றைக் கிழிக்கும் புதிய காலணி மீது அமெரிக்க, கனடா அணிகள் புகார் கொடுத்தன. எடுபடவில்லை. நான்கு ஓட்டத்திலும் அவரே முதலிடம். (அதே பந்தயத்தில் 16 வயது சிவா கேசவன் இந்தியாவுக்காக இறங்கி 28ஆவதாக வந்தார்.)

ஓய்வுக்குப் பின் ஜெர்மன் அணிக்குப் பயிற்சி தந்த ஹாக்ல், 2022இல் மாறிப் போன இடம் ஆஸ்திரிய அணி, ப்ரோக்கின் நாடு.