பொழுது சாஞ்சா உள்ள வா

2025 ஜூன் 11, புதன்

பள்ளி விடுமுறை முடிந்ததும் பிள்ளைகளிடம் என் வாய் ஓயவில்லை. எழுந்திரு, பல் துலக்கு, பசியாறு, பையை எடு. இதெல்லாம் எந்த ஊரிலும் சொல்வதுதான். மலேசியாவில் எங்கள் தோட்டப்புறத்துக்கென்றே ஒன்று உண்டு: "சிலிப்பர் போடாம பின்பக்கம் போகாதே." வீட்டுக்குப் பின்னால் முன்பு பால்மரம் (ரப்பர்) இருந்தது, இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனை. உதிரிப் பழத்தைத் தின்ன எலி வரும், எலியைத் தேடி நாகம் வரும். தோட்டங்களில் கூகைக்குப் பெட்டி கட்டி வைப்பதே இந்த எலிகளுக்காகத்தான். இன்றைக்கு இதைப் பெரியவனிடம் உட்கார வைத்துச் சொன்னேன். சாயந்திரம் அவனே தங்கச்சியை மறித்து, "எலி இருந்தா பாம்பு இருக்கும், சிலிப்பர் எங்க?" என்கிறான்.

2025 ஜூன் 13, வெள்ளி

இரண்டு நாளாக மழை. "தண்ணியக் கொட்டு, தண்ணியக் கொட்டு." பூத்தொட்டித் தட்டு, பழைய டயர், நாய்க்கு வைக்கிற கிண்ணம், எல்லாவற்றையும் கவிழ்க்க வேண்டும். டெங்கியைப் பரப்புகிற ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், அதனால் வாரம் ஒருமுறை கொட்டினாலே பாதி வேலை முடிந்தது. சின்னவள் தட்டில் நெளிகிற புழுவைக் கண்ணால் பார்த்துவிட்டாள். தலையைக் கீழே தொங்கப் போட்டு, வாலை மேலே நீட்டி மூச்சு விடுகிறது. அப்புறம் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, வீட்டைச் சுற்றி அவளே ஒரு ரவுண்டு போய் வந்தாள்.

2025 ஜூன் 16, திங்கள்

"பொழுது சாஞ்சா உள்ள வா." இதை நான் சொல்கிறேன், என் மாமியார் சொல்கிறார், அவருடைய அம்மாவும் சொன்னாராம். பெரியவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏன் பாட்டி, ரோட்ல லைட் இருக்கே?" என்று கேட்டான். அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

1948 ஜூன் 16, இதே தேதிதான். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமாரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். இரண்டே நாளில் நாடு முழுவதும் அவசரகாலம், 1960 வரை நீடித்தது. அத்தை அப்போது கைக்குழந்தை, நினைவு வந்த வயதில் பார்த்ததெல்லாம் லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளைச் சுற்றி முள்வேலி, இருட்டினால் ஊரடங்கு. காலையில் பால் வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதிப்பார்களாம், காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று. வெளியே நிற்கிற பிள்ளையை இரண்டாம் தடவை கூப்பிட எந்தத் தாய்க்கும் தைரியம் இல்லை, முதல் குரலுக்கே ஓடி வர வேண்டும். அந்தக் குரல்தான் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஒலிக்கிறது என்று எனக்கே இன்றைக்குத்தான் தெரியும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதைக் கேட்கிறேன், ஏதோ பேய் பிசாசு பயம் என்றிருந்தேன்.

பிள்ளைகளுக்கு இப்போது ஊரடங்கு இல்லை, இருட்டில் வேகமாக வருகிற மோட்டார் சைக்கிள் இருக்கிறது. நான் தொடர்ந்து கூப்பிடத்தான் போகிறேன், இனிமேல் இந்த இரண்டு காரணத்தையும் சேர்த்துச் சொல்வேன்.

2025 ஜூன் 19, வியாழன்

"மலாய்ப் புத்தகத்த எடு." ஆறாம் ஆண்டுப் பையனிடம் தினமும் இதே பேச்சு. இங்கே தமிழ்ப்பள்ளியில் அறிவியலும் கணிதமும் தமிழில் படிக்கிறான், அடுத்து இடைநிலைப்பள்ளிக்குப் போனால் அதே பாடங்கள் மலாயில் வரும். "ஒளிச்சேர்க்கை"க்கு அங்கே வேறு பெயர். அவனுக்குப் புரியாமல் இல்லை, சொல் தெரியாமல் வாயடைத்துப் போவான் என்பதுதான் என் கவலை. அதனால் ஒரு நோட்டில் இரண்டு மொழியிலும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

2025 ஜூன் 20, வெள்ளி

"சாப்பிடும்போது போன் பார்க்காதே" என்றதற்குச் சின்னவள், "அப்பா பார்க்கிறாரே?" என்றாள். இதற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை. அவரிடம் பேசிவிட்டேன். இன்று இரவிலிருந்து எல்லாருடைய போனும் டிவிக்குப் பக்கத்தில், சாப்பிட்டுக் கை கழுவின பிறகுதான் எடுக்கலாம்.