இழுப்பறை நோட்டு

தகவல் அமைப்புத் திட்டமிடல் பாடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. புத்தகத்தில் எல்லா அலுவலகமும் ஒழுங்காக இருக்கும். சரக்கு வரும், ரசீது போடுவார்கள், இருப்பில் ஏறும், மாதக் கடைசியில் அறிக்கை வரும். கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு கல்லூரியில் எம்.சி.ஏ. மாணவர்களுக்கு இந்தப் பாடத்தைப் பல வருடங்களாக நடத்துகிறேன். பக்கத்து ஊர்க் கூட்டுறவுச் சங்கம், ஓர் அரிசி ஆலை, எங்கள் கல்லூரி அலுவலகம் என்று சில இடங்களுக்குத் திட்டமும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். புத்தகத்தில் வரும் அந்த அலுவலகத்தை மட்டும் இன்னும் பார்க்கவில்லை.

நான் பார்த்த இடங்களில் மேசைமேல் ஒரு பெரிய பதிவேடு இருக்கும். ஆடிட்டர் வந்தால் காட்டுவது அதைத்தான். இழுப்பறைக்குள் ஒரு நோட்டு இருக்கும். வேலை நடப்பது அதை வைத்துத்தான்.

கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடன் பதிவேட்டில் பெயர், சர்வே எண், தொகை, தவணைத் தேதி எல்லாம் சுத்தமாக இருந்தன. எழுத்தரின் நோட்டில் இருந்தது வேறு. 'அப்பா இறந்தாச்சு, பட்டா மாறலை, சின்னவன் கட்டுவான்.' 'நடவு தள்ளிப்போச்சு, தாளடி அறுத்துத்தான் வருவார்.' 'போன் மகள் நம்பர், சாயங்காலம்தான் எடுப்பாங்க.' என்னுடன் வந்த மாணவன் ஆர்வத்தில் செல்போனை நீட்டிப் படம் எடுக்கப் போனான். அவர் நோட்டை மூடிவிட்டார். "அது ஆபீஸ் நோட்டு இல்ல தம்பி, என் நோட்டு."

சங்கத்துக்கு என்ன தேவை என்று கேட்டால் 'கம்ப்யூட்டர் வேகமா இருக்கணும் சார்' என்பதுதான் பதிலாக வரும். போன வாரம் எந்தக் கணக்கு உதைத்தது என்று கேட்க வேண்டும். அப்புறம் டீ வரும், கதை வரும், நோட்டும் வெளியே வரும்.

யார், எது, அவற்றுக்குள் என்ன உறவு என்று பெட்டிகளாகக் காட்டுகிற, பீட்டர் சென் 1976-இல் முன்வைத்த ஈ.ஆர். வரைபடத்தை வகுப்பில் போட்டதும் மாணவர்கள் ஒரு பெட்டியில் 'விவசாயி', இன்னொன்றில் 'நிலம்', நடுவில் 'வைத்திருக்கிறார்' என்று எழுதி முடித்துவிடுவார்கள். டெல்டாவில் அந்தப் படம் ஒரு நாள் தாங்காது. நிலம் கோயிலுடையதாகவோ மடத்துடையதாகவோ இருக்கும். உழுகிறவர் குத்தகைக்காரர். பணம் போவது சில நேரம் மனைவி பெயரில் உள்ள கணக்குக்கு. ஆக, விவசாயி என்ற ஒரு பெட்டிக்குள் மூன்று ஆட்கள். இதோடு அளவு வேறு. உழுகிறவர் 'அஞ்சு மா' என்பார். அடங்கல் என்கிற கிராமச் சாகுபடிக் கணக்கில் ஹெக்டேர் இருக்கும். படிவம் ஏக்கர் கேட்கும். ஏறக்குறைய மூன்று மா ஓர் ஏக்கர் என்று எழுத்தர் மனக்கணக்காகப் போட்டு நிரப்புவார். பின்னால் தகராறு வந்தால் எங்கே பிசகியது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் விவசாயி வாயால் சொன்ன அளவுக்கும் ஓர் இடம் ஒதுக்கச் சொல்வேன். நெல்லிலும் இதே கூத்துதான். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம். விவசாயி பேசுவது மூட்டைக் கணக்கில்.

இந்த இடத்தில் நான் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போய்விடுவேன். ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் பணிப் பெண்களின், பட்டியல் அங்கே கல்லில் இருக்கிறது. எந்தத் தளிச்சேரி (அவர்கள் குடியிருந்த தெரு), எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்கம்), எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்று வரிசை மாறாமல் போகும். பெயர்களின் முன்னால் 'நக்கன்'. அதற்கடுத்த பெயரும் பல இடங்களில் திரும்ப வரும். இதில் பிரைமரி கீ, அதாவது ஒருவரை இன்னொருவரோடு குழப்பாமல் அடையாளம் காட்டுகிற விவரம், எது என்று கேட்டால் முதலில் 'பெயர்' என்பார்கள். கொஞ்சம் வாசித்ததும் வீட்டு வரிசைக்கு வந்துவிடுவார்கள். பங்குக்கு ஒரு வேலி நிலம், 100 கலம் நெல். எந்த மரக்காலால் அளப்பது என்பதும் உண்டு. எனக்கு முக்கியம் அதற்கடுத்த விதி. பங்கு பெற்றவர் இறந்தாலோ வேற்றூர் போனாலோ அடுத்த உரிமையுள்ளவர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஆளை வைத்துச் செய்விக்க வேண்டும். 'அப்பா இறந்தாச்சு' என்று நம் எழுத்தர் ஒளித்து எழுதுகிற விஷயம் அங்கே பட்டியலோடு சேர்ந்தே நிற்கிறது. தரவுகளை அட்டவணைகளாக வைப்பது பற்றி எட்கர் காட் 1970-இல் எழுதியதை நம்மவர்கள் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. அந்த வகைப் பெருமை வாட்ஸ்அப்பில் தாராளமாகக் கிடைக்கிறது.

அடுத்தது காலக்கணக்கு. வருவாய்த் துறைக்குப் பசலி ஆண்டு ஜூலையில் பிறக்கும். 2024 ஜூலையில் பிறந்தது பசலி 1434. சங்கத்தின் கணக்கு ஏப்ரலில் தொடங்கும். கல்லூரிக்கு ஜூன். மேட்டூரில் தண்ணீர் திறக்கிற வழக்கமான நாளும் ஜூன் 12. எங்கள் மாணவர்களின் ப்ராஜெக்ட் செமஸ்டர் ஜனவரியில் ஆரம்பம், அதாவது சம்பா அறுவடையும் கொள்முதலும் உச்சத்தில் இருக்கும்போது. எழுத்தருக்கு நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது. அதனால் களவேலையை முந்தைய செமஸ்டருக்குத் தள்ளிவிட்டேன். புது மென்பொருளையும் பழைய பதிவேட்டையும் கொஞ்ச நாள் சேர்த்து ஓட்டுங்கள் என்று புத்தகம் சொல்லும். இரண்டு முறை எழுதப்போகிறவர் யார், அவருக்கு எந்த மாதத்தில் கை ஒழியும் என்று சொல்லாது. பேக்கப் பற்றி மட்டும் நான் அதிகம் பேசுவதில்லை. 2018 நவம்பரில் கஜா புயலைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது ஒரு வரியில் புரிந்துவிடும்.

மாணவர்கள் எழுதித் தருகிற மென்பொருள் பெரும்பாலும் மே மாதத்தோடு அநாதையாகிவிடும். எழுதியவன் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பான். அதனால் இப்போது முதலில் எக்செல் மட்டும், அதில் 'குறிப்பு' என்று ஓர் அகலமான கட்டம். ஒரு போகம் முடிந்ததும் அந்தக் கட்டத்தை உட்கார்ந்து படிப்போம். சங்கத்தில் 'பட்டா மாறலை' அடிக்கடி வந்ததால் அதற்குத் தனிக் கட்டம் கிடைத்தது.

நோட்டில் உள்ள எல்லாவற்றையும் கணினியில் ஏற்றலாமா என்பதில்தான் மாணவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. யார் வீட்டில் பாகப்பிரிவினைச் சண்டை, யார் பெண் கல்யாணத்துக்காகத் தவணையை விட்டார் என்பதெல்லாம் எழுத்தருக்குத் தெரிந்தால் போதும்; தலைமை அலுவலகத் திரையில் வர வேண்டியதில்லை. "டேட்டா விட்டுப்போகுதே சார்" என்பார்கள். போகட்டும் என்பேன். இந்தப் பேச்சு கிளம்பினால் அன்றைய வகுப்பு அதிலேயே முடிந்துவிடும்.