இருபதாவது ரேக்கிலும் தட்டு சுட வேண்டும்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையின் சமையலறையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வேளைக்கு ஏறக்குறைய 200 டிரே வார்டுகளுக்குப் போய்த் திரும்பும். அவற்றைக் கழுவும் மிஷினை மாற்றி முடிக்க ஐந்து மாதம் பிடித்தது.

பேச்சை ஆரம்பித்தவர், பல வருடமாகக் கழுவுமிடத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர். "தம்பி, மிஷின்ல 82ன்னு காட்டுது. வெளிய வர்ற தட்டு கையில சுடவே மாட்டேங்குதே" என்றார். தட்டை அலசும் நீரின் சூட்டைத்தான் சொன்னார், டிகிரி செல்சியஸில். பதிவேட்டைப் புரட்டினேன். தினமும் 82, 83. அப்புறம்தான் நேரத்தைக் கவனித்தேன். எல்லாமே காலை 7 மணிக்கு, முதல் ரேக், அதாவது தட்டுகளை அடுக்கி மிஷினுக்குள் அனுப்பும் கூடை, போகும்போது எழுதியவை.

71 டிகிரி பட்டால் கறுக்கும் வெப்ப ஸ்டிக்கர் கிடைக்கிறது. அதைத் தட்டில் ஒட்டி, பசியாறல் தட்டுகள் குவிந்து கிடக்கும் 9 மணிக்கு உள்ளே அனுப்பினோம். முதல் ரேக்கில் கறுத்தது. பத்தாவது ரேக்கில் வெள்ளையாகவே திரும்பி வந்தது. எனக்கு நெஞ்சு கனத்துப்போனது. கீமோதெரபி எடுக்கிறவர்களும் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர்களும் சாப்பிடுகிற தட்டுகள் அவை. அன்றிலிருந்தே ஒவ்வொரு ரேக்குக்கும் நடுவில், தண்ணீர் மறுபடி சூடாகும் வரை நிறுத்தி நிறுத்திக் கழுவினோம். வேலை இழுத்தது. இழுக்கட்டும் என்று விட்டோம்.

காரணத்தைத் தேடியபோது மிஷினைவிடக் குழாய்தான் கண்ணில் பட்டது. 55 டிகிரி சுடுநீர் வரும் என்ற கணக்கில் பழைய மிஷினுக்கு 6 கிலோவாட் ஹீட்டர் வைத்திருந்தார்கள். மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் நீர் ஆறிவிடுகிறது. சமையலறையில் அளந்தால் 41 டிகிரி. ஒரு ரேக்கை அலச 3 லிட்டர், மணிக்கு 60 ரேக் என்றால் 180 லிட்டர். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 1.163 வாட்-மணி வேண்டும். இப்படிக் கணக்குப் போட்டால், தொடர்ந்து ஓடும்போது அந்த 6 கிலோவாட் நீரை 70 டிகிரிக்குத்தான் கொண்டுபோகும். 85 டிகிரி வேண்டுமென்றால் 9 கிலோவாட்டுக்கு மேல் தேவை. குளிர்ந்த குழாய் நீர் 27 டிகிரியில் வந்தால் 12. மிஷின் வாங்கப் போகிறவர்கள் இந்த ஒரு கணக்கையாவது முதலில் போட்டுப் பாருங்கள். எந்த விற்பனையாளரும் இதை எங்களுக்குச் சொல்லவில்லை.

குளிர்ந்த நீரிலேயே ஓடுகிற, வெளியேறும் ஆவியின் சூட்டைப் பிடித்து உள்ளே வரும் நீருக்குக் கொடுக்கிற ஹூட் மிஷினை (மேல்மூடியை இறக்கி மூடிக் கழுவும் வகை) தேர்ந்தெடுத்தோம். விலை கூடுதல்தான். ஆனால் இந்த ஊர் வெக்கையில் முகத்தில் ஆவி அடிக்க எட்டு மணி நேரம் நிற்பவர்களை நினைத்தால் அந்தப் பணம் பெரிதாகத் தெரியவில்லை. பயன்படுத்திய மிஷின் ஒன்று பாதி விலைக்கு வந்தது. எங்களுடையது ஹலால் சமையலறை. அது முன்பு எந்தச் சமையலறையில் ஓடியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. செர்த்து, அதாவது இஸ்லாமிய முறைப்படி கழுவித் தூய்மையாக்குவது, செய்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்தச் சந்தேகமே வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

மூன்று ஃபேஸ் இணைப்புக்குப் புது கேபிள் இழுத்தார்கள். பழைய மிஷினை நகர்த்தியபோது அடியிலிருந்த பிவிசி வடிகால் குழாய் சூட்டில் வளைந்து, நடுவில் தொய்ந்து, அழுக்கு தேங்கிக் கிடந்தது. அதையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றியதில் ஒரு நாள் கூடியது.

மிஷின் இல்லாத அந்த மூன்று நாள்தான் கடினம். பினாங்கில் போலிஸ்டைரின் பெட்டிக்குத் தடை இருப்பதால் காகிதப் பெட்டி வாங்கினோம். கஞ்சியும் சூப்பும் அதில் ஊறிவிடும், அதனால் கிண்ணங்களை மட்டும் மூன்று தொட்டியில் கையால் கழுவினோம். சோப்பு, அலசல், கடைசியில் 77 டிகிரி நீரில் 30 விநாடி. ஈரத்தைத் துணியால் துடைக்கக் கூடாது, காற்றில்தான் உலர வேண்டும். அதற்கு அலமாரி பற்றவில்லை. உணவு டிராலிகளைக் கழுவித் துடைத்து அவற்றில் கவிழ்த்து வைத்தோம். அதை யோசித்துச் சொன்னவரும் அதே அக்காதான்.

புது மிஷின் ஓடியதும் நிறுவ வந்தவர் கையெழுத்து கேட்டார். இருபது ரேக் இடைவெளியில்லாமல் போகட்டும், பிறகு போடுகிறேன் என்றேன். பன்னிரண்டாவதில் ஸ்டிக்கர் பாதிதான் கறுத்தது. அவர் மூடியைத் திறந்து பார்த்து, மூன்று ஹீட்டர் கம்பிகளில் ஒன்றுக்கு மின்சாரமே போகவில்லை என்றார். இணைப்பைச் சரிசெய்து, முதலிலிருந்து மறுபடி இருபது. கடைசித் தட்டை அக்கா எடுத்துவிட்டுச் சட்டென்று கையை உதறினார். "சுடுது தம்பி" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

இப்போது பதிவேட்டில் இரண்டு பத்திகள் இருக்கின்றன. 7 மணிக்கு முதல் ரேக், 9 மணிக்கு இருபதாவது ரேக். இரண்டாவது பத்தியை அக்காதான் எழுதுகிறார்.