இரண்டு இரவைத் தின்ற 25ஆம் பின்

பசுமைக்குடிலில் தக்காளி நாற்று நட்ட மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது, கையால் தண்ணீர் விட்டுக் காலம் தள்ள முடியாது என்று. வைஃபை உள்ள சின்னக் கட்டுப்பாட்டு போர்டான இஎஸ்பி32 ஒன்று, வெப்பமும் காற்றின் ஈரப்பதமும் அளக்க டிஎச்டி22, மண்ணின் ஈரம் பார்க்க மண்ணில் குத்தும் ஒரு சென்சார், மின்விசிறியையும் தண்ணீர் வால்வையும் போட்டு நிறுத்த ஒரு ரிலே போர்டு. இவ்வளவுதான் சாமான்.

முதலில் போட்டது உலோகக் கால்கள் வெளியே தெரியும் மண் சென்சார். ஈரமண்ணில் எந்நேரமும் மின்னோட்டம் பாய்ந்ததில் ஒரு கால் அரித்தே போனது. சரி என்று, உலோகம் மண்ணில் படாத கெப்பாசிட்டிவ் வகைக்கு மாறினேன்.

அதுவும் படுத்தியது. மேசையில் ஒழுங்காக எண் காட்டும்; வைஃபை இணைந்ததும் பேச்சே இருக்காது. இரண்டு இரவு வயர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், இஎஸ்பி32இல் நான் சென்சாரைச் செருகியிருந்த 25ஆம் பின், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் இரண்டு பகுதிகளில் ஏடிசி2வைச் சேர்ந்தது. வைஃபை ஓடும்போது அதில் அளக்க முடியாது. மற்றதான ஏடிசி1இல் உள்ள 34ஆம் பின்னுக்கு மாற்றினேன், ஐந்து நிமிட வேலை.

மின்விசிறிக்கு 30 டிகிரி என்று ஒரே எல்லை வைத்திருந்தேன். 29.9க்கும் 30.1க்கும் நடுவே ரிலே டக் டக்கென்று தாளம் போட்டது. இப்போது 30இல் ஓடும், 27இல் நிற்கும்.

அப்புறம், பூனை ஒருநாள் சென்சாரை மண்ணிலிருந்து பிடுங்கிவிட்டது. காற்றில் தொங்கினால் அது 'காய்ந்த மண்' என்றுதானே சொல்லும்? வால்வு மூடவே இல்லை. தரையெல்லாம் சேறு. அன்றிலிருந்து சென்சார் என்ன சொன்னாலும் பத்து நிமிடத்தில் வால்வு மூடிக்கொள்ளும். பூனைக்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.