டிரில்லிங் துப்பாக்கியின் வரலாறு தேடுகிறீர்களா? முதலில் குழலைக் கழற்றுங்கள்

மாமனார் காலமானபின் அவருடைய டிரில்லிங், அதாவது மூன்று குழல் வேட்டைத் துப்பாக்கி, எங்களிடம் வந்தது. மேலே பக்கத்துக்குப் பக்கமாக 16 கேஜ் (குழலின் உள்விட்ட அளவு) சிதறுகுண்டுக் குழல்கள் இரண்டு, கீழே ரைபிள் குழல் ஒன்று. ஜெர்மனியில் வாரிசு ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மனைவிக்கு வேட்டை உரிமம் உண்டு, அதனால் அது சிக்கலில்லாமல் முடிந்தது. யார் செய்தது, எப்போது செய்தது என்று கேட்கப் போனதில்தான் இத்தனை அலைச்சல்.

மேல் குழல்கள் இரண்டுக்கும் நடுவே ஓடும் மேல்பட்டியில் பெர்லின் கடை ஒன்றின் பெயர் இருக்கிறது. நெடுந்தூரம் காரோட்டிப் போய்க் காட்டிய துப்பாக்கிக் கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, "பெர்லினில் செய்தது" என்று முடித்துவிட்டார். குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக்கூடக் கழற்றவில்லை. அதோடு விட்டாரா? குழலைத் தேய்த்து மெருகேற்றிப் புதிதாகக் கறுப்பேற்றித் தருவதாகச் சொன்னார். நல்லவேளை, மறுத்துவிட்டோம். தேய்த்திருந்தால், குழலைச் சோதித்ததற்கு அடையாளமாக அடித்த முத்திரைகள் மழுங்கியிருக்கும். இன்னமும் நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

வீட்டுக்கு வந்து குழல்களைக் கழற்றி, பழைய பல்துலக்கியில் எண்ணெய் தொட்டு அடிப்பக்கத்தைத் துடைத்தோம். எண்ணெய் அழுக்குக்குள்ளிருந்து கிரீடங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கிரீடத்தின் கீழ் எஸ் என்றால் சிதறுகுண்டு, ஜி என்றால் உட்புரி (உள்ளே சுழலும் வரிப்பள்ளம்) வெட்டிய குழல், டபிள்யூ என்றால் வாய் குறுக்கிய குழல். பக்கத்திலேயே '6 28'. 1928 ஜூனில் சோதனை முடிந்திருக்கிறது! மனைவி கத்தியே விட்டாள்.

அந்தக் காலத்தில் துரிங்கியாவின் ஸூல் நகரப் பட்டறைகள் செய்து கொடுக்க, ஊர் ஊராக இருந்த கடைகள் தங்கள் பெயரைப் பொறித்து விற்றன. எனவே பட்டிப் பெயரை வைத்துத் தயாரிப்பாளரை முடிவு செய்யாதீர்கள். அடியில் குழல் செய்தவரின் முதலெழுத்துகள் இருக்கலாம். தேட வேண்டியது அங்கேதான்.

ரைபிள் குழலில் '8,8' என்றும் '72' என்றும் அடித்திருந்தது. 8.8 என்பது உட்புரியின் மேடுகளுக்கு இடையிலான அளவு, தோட்டாவின் பெயரல்ல. அதை நம்பித் தோட்டா வாங்கிவிடாதீர்கள். பொறுமையான ஒரு துப்பாக்கிப் பழுதுநீக்குநர் தோட்டா அறையில் உலோக வார்ப்பு எடுத்து, அது 9.3×72 ஆர் என்ற தோட்டாவுக்கானது என்று உறுதி செய்தார்; 72 என்பது தோட்டாக் கூட்டின் நீளம், மி.மீ. கணக்கில்.

அவரே சிதறுகுண்டு அறைகளையும் அளந்தார். இரண்டின் நீளமும் 65 மி.மீ. இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 70 மி.மீ. தோட்டா உள்ளே தாராளமாகப் போகும். சுடும்போது அதன் மடிந்த வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். அந்தக் கடைக்காரர் எங்களிடம் நீட்டியது 70 மி.மீ. பெட்டியைத்தான்.