தலைவெட்டிக் கோயிலின் கணக்குப் புத்தகம்

"லாட்ஜுக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமை மாலை கோட்டு போட்டுக்கொண்டு கிளம்பினால் நம் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமான புதிதில் என் மாமனாருக்கு அது விடுதி இல்லை, ஃப்ரீமேசன்கள் என்ற பழைய சகோதர அமைப்பின் கிளைச் சங்கம் என்று விளக்கினேன். "கொத்தனார் சங்கமா? உங்களுக்கு அங்கே என்ன வேலை?" என்றார்.

இருபது வருஷமாக நான் அதில் உறுப்பினர். எங்களுடையது ஒரு ரயில்வே ஊர். முதல் உலகப் போருக்குச் சற்று முன் ஆரம்பித்த சிறிய லாட்ஜ். ஊர்ப் பெயரும் லாட்ஜின் எண்ணும் இங்கே வேண்டாம். நூற்றாண்டு மலர் போட வேண்டும் என்று முடிவானதும் வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மூத்தவர்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: நடுவில் நிற்காமல் நூறு வருஷம் நடந்திருக்கிறது என்று காட்டிவிட வேண்டும். மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டே கால் வருஷம் ஆயிற்று.

மினிட்ஸ் புத்தகங்கள்தான் இருக்கின்றனவே, பார்த்து எழுத வேண்டியதுதானே என்பார்கள். இருக்கின்றன. கனமான தோல் அட்டை, அழகான கையெழுத்து. ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. சடங்குகளை மினிட்ஸில் எழுதி வைக்கக் கூடாது என்பது மேசன்களின் வழக்கம். அதனால் மாதத்துக்கு மாதம் அதே வாசகம்: லாட்ஜ் திறக்கப்பட்டது, முந்தைய மினிட்ஸ் வாசிக்கப்பட்டது, இன்னாருக்கு முதல் டிகிரி (உறுப்பினர் ஏறும் மூன்று படிகளில் முதலாவது) கொடுக்கப்பட்டது, லாட்ஜ் மூடப்பட்டது. 1947 ஆகஸ்ட் கூட்டத்தின் மினிட்ஸை ஆவலோடு புரட்டினேன். கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கியதைப் பற்றி ஒரு பாரா இருந்தது.

சரி, வேறு எங்கே தேடுவது? முதலில் லண்டன் பக்கம் போனேன், வீட்டில் உட்கார்ந்தபடியேதான். இங்கிலாந்தின் கிராண்ட் லாட்ஜ், அதாவது லாட்ஜுகளின் தலைமை அமைப்பு, 1751 முதல் 1921 வரை வைத்திருந்த உறுப்பினர் பதிவேடுகள் இணையத்தில் கிடைக்கின்றன. எங்கள் லாட்ஜின் எண்ணைப் போட்டுத் தேடினால் ஒன்றுமே பொருந்தவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது. 1961 நவம்பர் 24 அன்று டெல்லியில் இந்தியாவின் கிராண்ட் லாட்ஜ் உருவானபோது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து என்று மூன்று குடைகளின் கீழ் இருந்த லாட்ஜுகளில் பல அதில் சேர்ந்தன. சேராமல் பழைய இடத்திலேயே தங்கியவையும் உண்டு. எங்களுடையது சேர்ந்தது, எண்ணும் மாறியது. நான் தேடியது புது எண். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் பழைய எண்ணைக் கண்டுபிடியுங்கள்.

பழைய எண்ணைப் போட்டதும் கதவு திறந்தது. பெயர், வயது, தொழில், மூன்று டிகிரிகளும் பெற்ற தேதிகள். தொழில் கட்டத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கார்டு, ஃபோர்மேன், ஸ்டேஷன் மாஸ்டர், மறுபடியும் கார்டு. துரைமார்களின் கிளப் என்று எல்லோரும் நினைத்த இடத்தில் பாதிப் பேர் ரயில் ஓட்டி, கொடி காட்டிப் பிழைத்தவர்கள்.

அவர்களில் நம்மவர்கள் எப்போது வந்தார்கள்? சென்னையில் முதல் லாட்ஜ் தொடங்கியது 1752-ல். ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமாரா 1770-களில் திருச்சியில் சேர்ந்துவிட்டார்; லண்டனிலிருந்து அவருக்கு மேசன்கள் இடுப்பில் கட்டும் ஏப்ரன் அனுப்பினார்கள், அவர் பாரசீகத்தில் பதில் எழுதினார். அது நவாப் வீட்டுக் கதை. எங்கள் ஊர்க் கதைக்கு டைலர் புத்தகம்தான் கைகொடுத்தது. டைலர் என்பவர் வாளோடு கதவுக்கு வெளியே நிற்கும் காவலர். உள்ளே போகிற ஒவ்வொருவரும் முதலில் அவருடைய மேஜையில் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஆங்கிலப் பெயர்களின் நடுவே ஓர் ஐயர், அடுத்த வருஷம் ஒரு முதலியார், அப்புறம் ஒரு சாயபு என்று ஒவ்வொருவராக நுழைவது பக்கம் பக்கமாகத் தெரிகிறது. உறுதிமொழி எடுக்கிறவர் அவரவர் வேதத்தின் மேல் கை வைக்கலாம் என்பதால் மேஜையில் பைபிளோடு கீதையும் குரானும் வைக்க வேண்டிவந்தது.

இதைவிடத் துல்லியமான ஆவணம் விருந்துக் கணக்கு. கூட்டம் முடிந்ததும் சாப்பாடு உண்டு. ஆரம்பக் கணக்குகளில் ஆட்டிறைச்சியும் விஸ்கியும்தான். பிறகு ஓரத்தில் பென்சிலில் "வெஜ் 2" என்று ஒரு குறிப்பு. அது நாலாகி, ஒன்பதாகி, ஒரு கட்டத்தில் "நான்-வெஜ் 5" என்று ஓரக் குறிப்பே தலைகீழாகிவிட்டது. 1948-ல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்ததும் விஸ்கி வரி மறைந்து எலுமிச்சைச் சாறு வந்து உட்கார்ந்தது. உறுப்பினர் பட்டியலில் "விலகினார், ஆஸ்திரேலியா" என்ற குறிப்புகள் பெருகுவதும் அதற்கு அடுத்த வருஷங்களில்தான். ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறியதை மினிட்ஸ் சொல்லவில்லை, சாப்பாட்டுக் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் சொல்லின.

ஊரார் எங்களைப் பற்றிச் சொன்னதையும் மலரில் சேர்க்க விரும்பினேன். என் பாட்டி காலத்தில் அந்தக் கட்டடத்துக்குப் பெயர் தலைவெட்டிக் கோயில். உள்ளே போகிறவனின் தலையை வெட்டி மறுபடி ஒட்டிவிடுவார்களாம். பாட்டியின் கற்பனை என்றுதான் நினைத்திருந்தேன். ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில், இந்தியர்கள் பொதுவாக லாட்ஜை ஜாதூகர், அதாவது மாயவித்தை வீடு, என்று சொல்வதோடு, தென்னிந்தியர்கள் வைத்த இந்தப் பெயரும் காரணத்தோடு பதிவாகியிருக்கிறது. கமிட்டியில் ஒருவர் இதை எடுக்கச் சொன்னார். நான் எடுக்கவில்லை.

எடுத்தது வேறொன்று. புதிதாகச் சேர விண்ணப்பிக்கிறவருக்கு வெள்ளை, கறுப்பு உருண்டைகள் போட்டு ஓட்டெடுப்பார்கள். 1930-களில் கறுப்பு விழுந்து நிராகரிக்கப்பட்ட ஒருவரின் பேரன் இன்று எங்களோடு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டேன்.

எல்லாம் சேர்ந்த பிறகும் ஒரு ஓட்டை அடைபடவில்லை. 1954 முதல் 1957 வரையிலான மினிட்ஸ் புத்தகம் இல்லை. அப்போதைய செயலாளர் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். அவர் காலமானதும் வீட்டை ஒழித்தவர்கள் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்கள். டைலர் புத்தகத்தின் அந்தப் பகுதியைக் கரையான் முடித்திருந்தது. நூறு வருஷத் தொடர்ச்சியில் நாலு வருஷப் பள்ளம்.

கூட்ட அழைப்புக்கு மேசன்கள் வைத்திருக்கும் பெயர் சம்மன். தபாலில் சம்மன் வந்திருக்கிறது என்றதும் எத்தனை வீட்டில் அடுப்படி அதிர்ந்திருக்குமோ! தேதி, நிகழ்ச்சி நிரல், அன்று டிகிரி பெறப்போகிறவரின் பெயர் எல்லாம் அச்சடித்த கெட்டி அட்டை அது. பழைய உறுப்பினர்களின் வாரிசுகள் வீடு வீடாகப் போய், சம்மன் அட்டை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். பதினோரு வீட்டில் காபி கிடைத்தது.

பன்னிரண்டாவது வீட்டில், ரிடையரான பேங்க் ஆபீசர் ஒருவர் பரணிலிருந்து பிஸ்கட் டின் ஒன்றை இறக்கினார். நூல் கட்டிய அட்டைக் கட்டு. 1953 கடைசியிலிருந்து 1958 வரை, மாதத்துக்கு ஒன்று, இரண்டே மாதம் தவிர. "தாத்தா எதையும் பத்திரப்படுத்துகிற ஆள் இல்லையே" என்று அவரே ஆச்சரியப்பட்டார்.

அட்டையைத் திருப்பினோம். பின்பக்கம் வெற்றாக இருந்ததால் பாட்டி அதில் சலவைக் கணக்கு எழுதியிருக்கிறார். ஊதா மசியில், சாய்ந்த கையெழுத்தில்: வேட்டி 4, சட்டை 6, தலையணை உறை 2, வெள்ளைக் கையுறை 1 ஜோடி. கையுறை லாட்ஜுக்குப் போட்டுக்கொண்டு போவது. ஒவ்வொரு அட்டையிலும் போட்ட தேதி, வந்த தேதி. சம்மன் வந்ததால் மட்டும் கூட்டம் நடந்தது என்று ஆகுமா என்று மூத்தவர் ஒருவர் கேட்டபோது, கூட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமை தவறாமல் கையுறை வெளுக்கப் போயிருப்பதைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

மலரில் அட்டையின் முன்பக்கம் மட்டும் போதும் என்றது கமிட்டி. அச்சகத்துக்குக் கடைசியாகப் போனவன் நான். பின்பக்கத்தையும் போடச் சொல்லிவிட்டேன்.