அம்மாவோட சுகர் நோட்டு

ஜூன் 3
சாயங்காலம் அம்மாவுக்கு விரல்ல குத்திப் பார்த்தா மெஷின்ல 312. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல, இன்சுலின் கூட்டிப் போடலாமான்னு இன்சுலின் பேனாவ கையிலயே எடுத்துட்டேன், அப்பதான் அம்மா "இப்பதானேடி பழம் நறுக்கினேன்"ங்கிறாங்க. சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் இல்லாம துடைச்சு, வேற விரல்ல எடுத்தா 148! விரல்ல ஒட்டியிருந்த பழச்சாறு பண்ணின வேலை. அந்த ஊசிய மட்டும் போட்டிருந்தா ராத்திரி என்ன ஆகியிருக்குமோ, இப்ப நினைச்சாலும் படபடங்குது.

ஜூன் 7
மெஷின்ல சொருகி ரத்தத் துளி வைக்கற ஸ்ட்ரிப் டப்பா ராத்திரி பூரா திறந்தே கிடந்திருக்கு. ஈரக்காத்து பட்டா ஸ்ட்ரிப்ல இருக்கற என்சைம் கெட்டுடும், எரர் எதுவும் காட்டாமயே தப்பு நம்பர் வரலாம். மனசே இல்லாம தூக்கிப் போட்டேன். புது டப்பா மேல பிரிச்ச தேதி எழுதியாச்சு.

ஜூன் 12
லேப்ல வெறும் வயித்துல ரத்தம் எடுத்த அதே நேரம் நானும் மெஷின்ல பார்த்தேன். லேப் 152, மெஷின் 168. மெஷின் பழுதுன்னே நினைச்சேன். 100க்கு மேல போனா 15 சதவீதம் முன்னபின்ன இருக்கறது சகஜம்னு டாக்டர் சொன்னார். ஆனா அடுத்து சொன்னதுதான் மனசுல நிக்குது, அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 8.5தான் இருக்கு, ரத்தம் கம்மியா இருந்தா மெஷின் நிஜத்தவிட கூட்டிக் காட்டலாமாம். "நம்பர் நல்லாருக்கேன்னு ஆளப் பார்க்காம விட்டுடாதீங்க"ன்னார்.

ஜூன் 13
அப்பா எனக்கும் பாரேன்னு விரல நீட்டினார். மாட்டேன்னுட்டேன். ஊசிய மாத்தினாலும் விரல்ல குத்தற பேனாவ ரெண்டு பேருக்குப் போடக்கூடாது, அதுல ஒட்டியிருக்கற துளி ரத்தத்துலயே ஹெபடைட்டிஸ் பி பரவலாம். அவருக்குத் தனியா வாங்கணும்.

ஜூன் 19, ராத்திரி 2.40
அம்மா எழுப்பினாங்க. முதுகெல்லாம் வேர்வை, டம்ளர பிடிக்க முடியாம கை நடுங்குது. கை கழுவி எடுத்தா 84. போன மாசமா இருந்தா, 84 நார்மல்தானே படுங்கம்மான்னு சொல்லியிருப்பேன், சத்தியமா சொல்லியிருப்பேன். மெஷின் கூட்டிக் காட்டுதுன்னா நிஜத்துல சுகர் இன்னும் இறங்கியிருக்கலாமே. நல்லா முழுங்கறாங்க, பேச்சும் தெளிவா இருக்கு, அதனால குளுக்கோஸ் பவுடர் 15 கிராம் கரைச்சுக் குடுத்துட்டு கடிகாரத்தப் பார்த்துட்டே உக்காந்திருந்தேன். 15 நிமிஷத்துல நடுக்கம் அடங்கிடுச்சு, மெஷின்ல 121.

காலைல
டாக்டருக்கு போன் பண்ணினேன், ராத்திரி டோஸ குறைச்சுட்டார். நோட்டுல நம்பர் பக்கத்துல இன்னொரு கட்டம் போட்டிருக்கேன், அம்மா எப்படி இருந்தாங்கன்னு எழுத. முதல் வரி: 84, வேர்வை, கை நடுக்கம்.